ஒப்பளவு மணி: சொல் விளக்கம்

ஆய்வகங்களில் ‘காலிபிரேஷன் பீட்ஸ்’ என்று வழங்கப்படுவது, சில மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் உருண்டை. ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி தரும் எண்ணுக்குப் பொருள் கிடைப்பது இதனால்தான். ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்பொருளால் (குறிப்பிட்ட செல்லை மட்டும் பற்றும் புரதம்) இரத்தச் செல்களைக் குறியிட்டு, மெல்லிய நீரோட்டத்தில் ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிடுவார்கள். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளிர்ந்தது என்பதைக் கருவி பதிவு செய்யும். எச்.ஐ.வி. நோயாளியின் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவதும், இரத்தப் புற்றுநோயின் வகையைப் பிரித்தறிவதும் இந்த முறையில்தான். ஆனால் திரையில் தெரியும் 5,000 என்பது எதன் 5,000? ஒளியுணரியின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதே செல் 20,000 என்று காட்டும். ஒளிர்வு இவ்வளவு என்று முன்பே அறிந்த ஒன்றை ஓடவிட்டு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

‘காலிபிரேஷன்’ என்ற சொல் பீரங்கிப் பட்டறையிலிருந்து வந்தது. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் ‘காலிபர்’, ‘காலிப்ரோ’ என்பவை பீரங்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தன. அவற்றுக்கு முந்தையது அரபுச் சொல்லான ‘காலிப்’. உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சு என்று பொருள். அதற்கும் பின்னே, செருப்புத் தைப்பவரின் மரக்கால் அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் இருப்பதாகச் சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். வெப்பமானிக் குழாயின் துளை எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கும் 19-ஆம் நூற்றாண்டில் இதே சொல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து எல்லா அளவுக் கருவிகளுக்கும் பரவிவிட்டது.

தமிழில் இதற்கு ‘அளவுத்திருத்தம்’ என்று எழுதுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கருவியைத் திருத்துவது வேறு வேலை. சர்வதேச அளவியல் சொற்களஞ்சியமும் காலிபிரேஷனைக் கருவியைச் சரிக்கட்டும் வேலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று குறிப்புப் போட்டே சொல்கிறது. அறிந்த மதிப்புக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் உள்ள உறவைக் கண்டறிவது மட்டுமே காலிபிரேஷன். கருவி 10 காட்ட வேண்டிய இடத்தில் 12 காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு திருகைக்கூடத் தொடாமல் விட்டாலும் அது நடந்துவிட்டது. எனவே ‘ஒப்பளவு’ என்பதே பொருந்தும். கருவியை மாற்றியமைக்கும் வேலைக்குத் ‘திருத்தம்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதுமல்ல. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், நகைகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. எடையைச் சொல்வதோடு நில்லாமல் எந்தக் கல்லுக்கு ஒப்பிட்ட எடை என்பதையும் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். சைட்டோமீட்டர் வரைபடத்தை வெளியிடும் பலர் இன்று இதைச் செய்வதில்லை.

‘பீட்’ என்பதற்கு ‘மணி’ போதும். ஆங்கிலத்தில் அது வழிபாட்டைக் குறித்த பழஞ்சொல். செபமாலையை உருட்டி உருட்டி, உருட்டப்பட்ட மணிக்கே பெயராகிவிட்டது. தமிழில் நெல்லும் மணி. தட்டான் எடைக்கு வைத்த குன்றியும் மணி. நுண்மணி, நுண்கோளம் என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை.

‘சைட்டோ’ என்ற முன்னொட்டு உட்குடைவான பாத்திரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செல்லுக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘கலம்’ அதற்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ என்ற துறைப் பெயரே 1976-இல் அமெரிக்காவின் பென்சகோலாவில் நடந்த மாநாட்டில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் துடிப்புக் கல ஒளியளவியல் என்ற பொருளில் ஒரு நீண்ட ஜெர்மானியப் பெயர் புழங்கியது. ‘ஓட்டக் கலவளவியல்’ என்று நாம் சொல்லலாம்.

ஒரே அளவான மணிகள் தற்செயலாகக் கிடைத்தவை. 1940-களில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் லேடக்ஸ் என்னும் பால்போன்ற கலவை ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, துகள்கள் அச்சில் வார்த்தவைபோல் ஒன்றுபோலவே இருந்தன. சில மைக்ரோமீட்டருக்கு மேல் வளர்த்தால் அவை மிதந்தோ படிந்தோ திரண்டுவிடும். இதற்காகவே 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்ணோடங்களில் எடையற்ற நிலையில் 10 மைக்ரோமீட்டர் மணிகளை வளர்த்து, 1985-இல் விற்பனைக்கும் வைத்தார்கள். விண்வெளியில் செய்து விற்கப்பட்ட முதல் பொருள் இதுதான் என்பார்கள். அதற்கு முன்பே நார்வேயின் யோன் உகெல்ஸ்டாட், சிறு மணிகளை முதலில் ஊறவைத்து உப்பச் செய்து பிறகு வளர்க்கும் முறையால், தரையிலேயே ஒரே அளவில் பெரிய மணிகளைச் செய்துவிட்டார்.

இப்போது விலை. ஒளிர்வு இவ்வளவு என்று மதிப்பிட்ட மணிகள் சிறு குப்பிகளில் வருகின்றன. சின்ன ஆய்வகத்துக்கு அது பெருஞ்செலவு. சாயமேற்றாத வெற்று மணிகள் அவற்றைவிட மலிவு. அமீன் என்னும் வேதித் தொகுதி பதித்த வெற்று மணிகளை வாங்கி, சற்றே காரமான பைகார்பனேட் கரைசலில் கலக்கி, அமீனோடு பிணையும் ஃப்ளோரசீன் சாயத்தை ஐந்தாறு குழாய்களில் படிப்படியாக நீர்க்கச் செய்து சேர்த்து, இருட்டில் வைத்துக் கழுவினால் போதும். ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு அளவு ஒளிர்வு கிடைக்கும். ஒரு குழாயை வெறுமனே விட்டுவைக்க வேண்டும். அடிமட்டத்தைக் காட்டுவது அதுதான். எல்லாவற்றையும் கலந்து ஓடவிட்டால், பத்துப் பத்து மடங்காக ஏறும் மடக்கை அச்சில் வரிசையாகச் சிகரங்கள் எழும். ஒவ்வொன்றும் ஒடுங்கி நிற்க வேண்டும்; அகன்றால் சாயம் சீராக ஏறவில்லை என்று பொருள். சிகரத்துக்கு வலப்புறம் இரு மடங்கு ஒளிர்வில் ஒரு குட்டிச் சிகரம் தெரிந்தால், இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடியிருக்கின்றன. சோப்புப் போன்ற ட்வீன்-20 துளி சேர்த்து, மீயொலித் தொட்டியில் சிறிது நேரம் வைத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஃப்ளோரசீனுக்கு ஒரு கோணல் குணம் உண்டு. கரைசல் அமிலப் பக்கம் சாய்ந்தால் அதன் ஒளி மங்கும். ஆகவே செல்கள் மிதக்கும் அதே கரைசலில்தான் மணிகளையும் மிதக்கவிட வேண்டும். சாயத்தை மணிக்குள்ளே ஊறவைத்தால் இந்தத் தொல்லை குறையும், நாள்பட நிற்கும். ஆனால் அந்தச் சாயத்தின் நிறப்பரவல் எதிர்பொருளில் பூட்டிய சாயத்தினுடையதாக இருக்காது.

இப்படிச் செய்தவை ஒப்பளவு மணிகளா? இன்னும் இல்லை. கருவி நேற்றுப்போல் இன்றும் இருக்கிறதா என்று அன்றாடம் பார்க்க அவை போதும். அவற்றைச் ‘சரிபார்ப்பு மணி’ என்று அழைப்போம். மதிப்பிட்ட மணிக் குப்பி ஒன்றை வாங்கி, ஒரே நாளில் ஒரே அமைப்பில் இரண்டையும் ஓட்டி, நம் மணியின் ஒவ்வொரு சிகரத்துக்கும் எத்தனை சாய மூலக்கூறுகளுக்குச் சமமான ஒளிர்வு என்று எண் கொடுத்த பிறகே அந்தப் பெயர் தகும். புதிதாக ஒரு தொகுதி செய்யும்போதெல்லாம் மறுபடி ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் விலையுயர்ந்த குப்பி அன்றாடம் கரையாது, எப்போதாவதுதான் திறக்கப்படும்.

டி.என்.ஏ. அளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு மணியே தேவையில்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. கோழியின் சிவப்பணுவில் இருக்கும் டி.என்.ஏ., மனிதச் செல்லில் இருப்பதில் ஏறத்தாழ 35 சதவீதம். டென்மார்க்கின் விண்டலோவ் குழு 1983-இல் கோழி, ட்ரவுட் மீன் இரண்டின் சிவப்பணுக்களையும் மாதிரியோடு கலந்து ஓட்டும் முறையை வெளியிட்டது. இதற்கு ‘ஒப்பளவுக் கலம்’ என்பதே பெயர். மணி என்று எழுதினால் படிப்பவர் பிளாஸ்டிக் உருண்டையைத் தேடிப் போவார்.