60 யூனிட்டைத் தாண்டினால் என்ன நடக்கும்? வீட்டுக் கரண்ட் பில் கணக்கு

மீற்றர் பார்க்க வருபவர் தந்துவிட்டுப் போகும் துண்டில் எல்லோரும் முதலில் தேடுவது கட்ட வேண்டிய தொகையைத்தான். அதே துண்டில் வேறு இரண்டு எண்களும் இருக்கும்: எத்தனை யூனிட் எரிந்தது, எத்தனை நாட்களுக்கு. அந்த இரண்டும் தெரிந்தால் தொகையை நீங்களே கணக்குப் பார்த்துவிடலாம்.

வீட்டு மின்கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. குறைய எரித்தால் மலிவு, கூட எரித்தால் விலை என்பது அதன் அடிப்படை. வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகை என்றுதான் இதைப் பலரும் நினைக்கிறார்கள். நாட்டின் மின்பாவனையைக் குறைக்க அரசிடம் இருக்கிற வலுவான கருவியும் இதுதான் என்று நான் சொல்வேன். விளம்பரம் பார்த்து லைற்றை அணைத்தவர்களைவிட பில்லைப் பார்த்து அணைத்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட்டுக்கும் யூனிட் ஒன்று 4 ரூபா 50 சதம், அடுத்த 30க்கும் யூனிட் ஒன்று 8 ரூபா. இதோடு நிலையான கட்டணம் ஒன்று உண்டு: 30 யூனிட்டுக்குள் என்றால் 80 ரூபா, 60க்குள் என்றால் 210 ரூபா. 60ஐத் தாண்டியவுடன் இந்தப் பட்டியலே உங்களுக்கு இல்லாமல் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு: முதல் 60 யூனிட்டும் 12 ரூபா 75 சதப்படி, 61 முதல் 90 வரை 18 ரூபா 50 சதப்படி, நிலையான கட்டணம் 400 ரூபா. 90க்கு மேல் யூனிட் 24 ரூபா, 120க்கு மேல் 41, 180க்கு மேல் 61. நிலையான கட்டணமும் கூடவே 1000, 1500, 2100 என்று ஏறும். வரி தனி. இந்தத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படும், ஆகவே இப்போதைய விலையை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டணப்படி 30 நாளில் 64 யூனிட் எரித்த வீட்டுக்கு 1239 ரூபா வரும். அதே வீடு 59 யூனிட்டில் நின்றிருந்தால் 577 ரூபா. வெறும் 5 யூனிட்டுக்கு 662 ரூபா வித்தியாசம்!

நாட்கணக்குக்கு வருவோம். மீற்றர் பார்ப்பவர் சரியாக 30ஆம் நாளே வந்து நிற்பதில்லை. அதற்காகப் பயப்பட வேண்டியதும் இல்லை, எல்லைகளை நாட்களுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துத்தான் பில் போடுவார்கள். 60 யூனிட் என்றால் நாளுக்கு 2 யூனிட். 33 நாள் கழித்து வந்தால் உங்கள் எல்லை 66. மாத நடுவில் ஒருநாள் மீற்றரைப் பார்த்து, போன வாசிப்பைக் கழித்து, நாட்களால் பிரித்துப் பாருங்கள். 2க்கு மேலே போகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அந்த 5 யூனிட்டை எங்கே பிடிப்பது? எங்கள் பக்கத்து வீடுகளில் முதல் சந்தேகம் கிணற்று மோட்டரில்தான். ஒரு குதிரைவலு மோட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவாற் இழுக்கும், அதாவது மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட். தினமும் அரை மணித்தியாலம் ஓடினாலே மாதம் 15 யூனிட். மேலே தாங்கி நிரம்பி வழிந்து வாழைக்குப் பாயும்வரை மோட்டர் ஓடினால், வாழைக்கு மட்டும் சந்தோஷம். அடுத்தது ஃபான். 75 வாற் பழைய ஃபான் இரவு 8 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 18 யூனிட். 35 வாற்றில் சுற்றும் புதுவகை ஃபானுக்கு 8 யூனிட் சொச்சம் போதும். இந்த ஒரு மாற்றமே 64ஐ 54க்குக் கொண்டுவந்துவிடும். ஃபான், பிரிட்ஜ் போன்றவற்றை வாங்கும்போது நட்சத்திர லேபிளைப் பாருங்கள். அதை நடைமுறைப்படுத்துவது 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. நட்சத்திரம் கூடக்கூட மின்செலவு குறையும்.

இதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பளையிலும் மன்னாரிலும் காற்றாலைகள் சுற்றுகின்றன, மலைநாட்டில் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, அவை மட்டும் போதவில்லை. மிச்சத்துக்கு நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் ஓடுகின்றன. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்று இலங்கை உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. மின்தேவை ஏறிக்கொண்டே போனால் எத்தனை காற்றாலை நட்டாலும் அது எட்டாது. எண்ணெயில் மின்சாரம் எடுப்பதன் விலையை, மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்த யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக் கிணறுகள் ஏற்கெனவே கண்டுவிட்டன, அதற்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

இந்தக் கட்டண முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. யூனிட்டை எண்ணுகிறதே தவிர நேரத்தைப் பார்ப்பதில்லை. நாட்டில் மின்தேவை உச்சத்தில் நிற்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. சூரியன் போனபின் எண்ணெய் நிலையங்களைத் தேடவேண்டிய நேரம் அது. பகலிலோ நிலைமை தலைகீழ்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. சாதாரண வீட்டு மீற்றருக்குப் பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒன்றுதான். மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அதில் மலிவு. மற்றவர்களுக்குப் பில்லில் லாபம் இல்லை. என்றாலும் மோட்டர், அயன், வோஷிங் மெஷின் மூன்றையும் பகலுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

இன்னொரு குறை, எத்தனை பேர் என்று மீற்றர் கேட்பதில்லை. தாய் தகப்பன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழுபேர் ஒரே மீற்றரில் இருந்தால் ஆளுக்கு 15 யூனிட் எரித்தாலும் மொத்தம் 105. மேலே சொன்ன கட்டணப்படி அவர்களுக்கு நிலையான கட்டணம் மட்டும் 1000 ரூபா. பக்கத்தில் கனடாக்காரரின் பூட்டிய வீட்டில் வாசல் லைற் மட்டும் இரவிரவாக எரிந்தால் மாதம் 3 யூனிட், சலுகை விலையில் 100 ரூபாவுக்குள் முடிந்துவிடும். சிக்கனமாக இருப்பவர் யார் என்பதை யூனிட் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் இப்படித்தான் வரும்.

இதைச் சொல்ல இடம் இருக்கிறது. கட்டணத் திருத்தத்துக்கு முன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், வாய்மொழி அமர்வுகளுக்குப் போயும் சொல்லலாம், தமிழிலேயே சொல்லலாம். அடுத்த அறிவித்தல் வரும்போது, கூட்டுக்குடும்பங்களுக்கு ஆள்கணக்குப்படி எல்லை வேண்டும் என்று கேட்டு, உங்கள் பில்லின் பிரதி ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள்.