சொலினாய்டு: சுருள் பாதி, கோல் பாதி

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் காதில் என்றைக்காவது இந்தச் சொல் விழுந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏசி ஓடும், ஆனால் கியர் ராடு பி-யை (பார்க்கிங் நிலையை) விட்டு நகராது. மதுரையில் காளவாசலிலோ மாட்டுத்தாவணிப் பக்கமோ இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், ராடு பக்கத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சொலினாய்டு வேலை செய்யல சார்" என்பார். டிராக்டர் வைத்திருக்கும் மேலூர், உசிலம்பட்டிக்காரர்களுக்கு இது புதுச் சொல் இல்லை. செல்ப் மோட்டாரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருளைக்கும் இதே பெயர்தான். வாஷிங் மெஷினுக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவதும் ஒரு சொலினாய்டுதான்.

கிரேக்க மொழியில் 'சோலேன்' என்றால் குழாய், 'எய்டோஸ்' என்றால் வடிவம். இரண்டும் சேர்ந்தால் குழாய் வடிவில் இருப்பது. பின்பாதியான 'ஆய்டு' நமக்குப் பழகிய வால்தான்: கேடயம் போல் இருப்பது தைராய்டு, விண்மீன் போல் தெரிவது ஆஸ்டிராய்டு. குழாய் போல நீண்ட ஒரு கடற்சிப்பி இனத்துக்கும் விலங்கியலில் சோலன் என்றே பெயர்.

மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்தில் இருக்கிற காந்த ஊசியைத் திருப்புகிறது என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகள் பிரான்சின் ஆம்பியர் அதிலேயே மூழ்கிக் கிடந்தார். மின்னோட்டத்தை வளையம் வளையமாக ஒரு கோட்டில் அடுக்கினால் அது சட்டக்காந்தம் போல நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அடுக்குக்கு அவர் வைத்த பெயர்தான் சொலினாய்டு. அதில் இரும்பும் இல்லை, அசையும் பாகமும் இல்லை. வெறும் சுருள்.

நம் பாடநூல்களில் இதற்கு வரிச்சுருள் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இங்கே வரி என்பது மாநகராட்சிக்குக் கட்டுகிற வரி அல்ல, கோடு, வரிசை. கம்பி வரி வரியாக நெருங்கிச் சுற்றியிருப்பதைக் கண்ணுக்கு முன் கொண்டுவருகிற சொல். வரிதல் என்றால் கட்டுதல் என்றும் பழைய பொருள் உண்டு. கூரை வேய்கிறவர்கள் குறுக்கே வைத்துக் கட்டும் வரிச்சு அந்தக் குடும்பம்தான். என்னைக் கேட்டால், குழாய் போன்றது என்கிற கிரேக்கப் பெயரைவிட வரிச்சுருள் பொருளைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் எலக்ட்ரீஷியன் கழற்றிக் கையில் கொடுக்கும் சாமான் வெறும் வரிச்சுருள் இல்லை. சுருளுக்கு நடுவே ஒரு இரும்புக் கோல் இருக்கும், அதைப் பழைய இடத்துக்குத் தள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகிக் கோலை உள்ளே இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் தள்ளிவிடும். ஆம்பியர் சொன்ன பொருள் விரிந்து, இன்று இந்த முழுச் சாமானுக்கும் சொலினாய்டு என்றே பெயராகிவிட்டது. கியர் ராடு பக்கத்தில் இருப்பதைக் காந்தத் தாழ் என்று சொல்லலாம் என்பது என் கருத்து. வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது, தள்ளும் கைக்குப் பதில் மின்சாரம். பூட்டு என்று சொன்னால் சாவி ஞாபகம் வரும். தாழ் என்றால் நகர்கிற கோல் ஞாபகம் வரும்.

இந்தத் தாழ் எதற்கு? அமெரிக்காவில் 1980-களில் 'ஆடி 5000' (Audi) என்ற மாடல் கார்கள் தானாகப் பாய்வதாகப் பெரிய புகார் எழுந்தது. பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் காரணம் என்று 1989-இல் அந்நாட்டு அரசின் ஆய்வு சொன்னது. பிரேக்கில் கால் வைக்காமல் பி-யை விட்டு ராடு நகரக் கூடாது என்ற ஏற்பாடு அந்த அமளியில்தான் பரவியது. நம் ஊரில் ஓடும் ஏஎம்டி கார்களில் (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற வைத்த வகை) பெரும்பாலானவற்றுக்கு பி என்ற நிலையே கிடையாது, அதனால் இந்தத் தொல்லையும் கிடையாது. சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் என்கிற மற்ற ஆட்டோமேட்டிக் வகை வண்டிக்காரர்கள் மட்டும் தொடர்ந்து படிக்கலாம்.

பழுது பார்க்கும்போது சுருள் வேறு, கோல் வேறு என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வண்டிகளில் வழி இதுதான்: பிரேக் பெடலுக்கு மேல் இருந்து பின்பக்க பிரேக் விளக்கை எரிய வைக்கும் ஸ்டாப் லைட் சுவிட்ச், அங்கிருந்து நேராகவோ கன்ட்ரோல் யூனிட் (வண்டியின் மின்னணு மூளை) வழியாகவோ சுருளுக்கு சப்ளை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் பின்பக்கம். இருட்டில் சுவரை ஒட்டி நிற்கிற வண்டி என்றால் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தாலே சிவப்பு தெரியும். மூன்று விளக்கும் சேர்ந்தாற்போல் எரியவில்லை என்றால் பல்பைக் குறை சொல்ல வேண்டாம்; பியூஸ் அல்லது சுவிட்ச். விளக்கு எரிந்துவிட்டால் சுவிட்ச் முழுக்க நல்லது என்றும் அர்த்தமில்லை. சில சுவிட்சுகளுக்குள் விளக்குக்கு ஒரு தொடர்பு, கன்ட்ரோல் யூனிட்டுக்கு இன்னொரு தொடர்பு என்று இரண்டு உண்டு.

சரி, விளக்கு எரிகிறது. அடுத்து சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை ஓட விடாமல் பிரேக்கை மிதித்துக் கேளுங்கள். ராடு அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால் சுருளுக்கு மின்சாரம் வருகிறது, சுருளும் இழுக்கிறது. கோளாறு பெரும்பாலும் கோலில், அல்லது ராடின் பட்டனில். கப் ஹோல்டரில் வைத்த ஜிகர்தண்டா சிந்தி, சர்க்கரைப் பாகு உள்ளே இறங்கிக் கோல் பிசின் பிடித்தாற்போல் பாதி வழியிலேயே நிற்பதும் இந்த வகைதான். இதற்கு "காயில் (சுருள்) போச்சு" என்று புது சாமான் மாற்றுவது வீண். கழற்றித் துடைத்தால் போதும்.

சத்தமே வரவில்லை என்றால் கப்ளரில் (வயரைச் சாமானோடு இணைக்கும் முனையில்) சப்ளையைப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் 12 வோல்ட் வருகிறதா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா? இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. எலி கடித்து ஒற்றை இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். லோடு ஏறியதும் வோல்டேஜ் படுத்துவிடும். கப்ளர் மாட்டியிருக்கும்போதே அளந்தால்தான் உண்மை தெரியும். சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து சத்தம் இல்லையென்றால்தான் சந்தேகம் சுருள் மேல் வர வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டுச் சுருளின் ஓம் அளந்து, மீட்டர் எல்லையில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பியூஸ் போனால் ஷார்ட். இதையெல்லாம் செய்யும்போது அந்தப் பகுதியில் மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது, அது ஏர்பேக்குக்குப் போவது.

பேட்டரி இறங்கியிருந்தாலும் தாழ் திறக்காது. அப்போது ராடு பக்கத்தில் உள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்து, உள்ளே சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு அழுத்தினால் ராடு நகரும். முதலில் ஹேண்ட்பிரேக் போட வேண்டும், காலும் பிரேக்கில் இருக்க வேண்டும். வண்டியைப் பட்டறை வரை கொண்டுபோக மட்டுமே இந்த வழி. கோலையே வெட்டிவிட்டு "இனிமே தொல்லை இல்ல" என்று சொல்கிற பட்டறையிலிருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

கொடைக்கானல் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் பி-யில் மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ராடு இறுகிக் கிடக்கும். அது மின்சாரக் கோளாறே இல்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பார்க்கிங் பல் மேல் வண்டியின் மொத்த எடையும் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காந்தத் தாழ் பிடிப்பது ராடை மட்டும். சக்கரத்தைப் பிடிப்பது அந்தப் பல்.

அப்புறம், பணம் போகிற குழப்பம் ஒன்று. ஷிப்ட் சொலினாய்டு என்பது வேறு, ஷிப்ட் லாக் சொலினாய்டு என்பது வேறு. முன்னது கியர்பாக்ஸுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடந்து, எண்ணெய் ஓட்டத்தைத் திருப்பிக் கியர் மாற்றுவது. அதைத் தொட எண்ணெயை வடித்துக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்ற வேண்டியிருக்கும், செலவும் அதற்கேற்பத்தான். பின்னது ராடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சாமான். பேச்சில் 'லாக்' விழுந்துபோய் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பி-யில் மாட்டிய வண்டிக்கு எஸ்டிமேட்டில் ஷிப்ட் சொலினாய்டு என்று எழுதியிருந்தால், "கியர்பாக்ஸுக்குள்ள இருக்கறதா, ராடு பக்கத்துல இருக்கறதாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.