ட்ரோம்ஸோவிலிருந்து லாங்யர்பியனுக்கு எவ்வளவு தூரம்?

மெர்க்கேட்டர் முறையில் வரைந்த உலக வரைபடம் கையில் கிடைத்தால், ஒரு ஸ்கேலை வைத்து இதை அளந்து பாருங்கள். நார்வேயின் வடக்கே ட்ரோம்ஸோ. அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லாங்யர்பியன். இரண்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் வருகிறதோ, ஏறக்குறைய அதே நீளம்தான் இந்தியாவின் தென்கோடியிலிருந்து வடகோடி வரைக்கும் வரும். இந்தியாவின் அந்த நீளம் 3,214 கி.மீ. ட்ரோம்ஸோ–லாங்யர்பியன் தூரமோ சுமார் 960 கி.மீ.தான். முதல் தடவை நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தேன்.

காரணம் தீர்க்கரேகைகள். வடக்கே போகப் போக அவை நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது 111 கி.மீ.; லாங்யர்பியனில் அதுவே 23 கி.மீ.க்குள் அடங்கிவிடும். மெர்க்கேட்டர் வரைபடம் இந்தக் கோடுகளைக் கடைசிவரை இணையாகவே நிறுத்துகிறது. குறுக்கே இழுத்த அளவுக்கு நெடுக்கேயும் இழுத்தால்தான் திசைகள் பிசகாமல் இருக்கும். கப்பலோட்டிகளுக்குத் திசைதான் முக்கியம், அதனால் தூரம் பலியானது. லாங்யர்பியன் இருக்கும் அட்சரேகையில் இந்த இழுவை கிட்டத்தட்ட 5 மடங்கு.

சரி, உண்மையான தூரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். ட்ரோம்ஸோ விமான நிலையம் 69.68 டிகிரி வடக்கு, லாங்யர்பியன் 78.25. வித்தியாசம் 8.57 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால், 951 கி.மீ. ஆகிறது. லாங்யர்பியன் சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. தீர்க்கரேகையில் சுமார் மூன்றரை டிகிரி, அந்தப் பகுதியில் அது 106 கி.மீ. செங்கோண முக்கோணக் கணக்குப்படி இரண்டையும் சேர்த்தால் 957. அந்த 106 கி.மீ. விலகல் மொத்தத்தில் வெறும் 6 கி.மீ.யைத்தான் கூட்டுகிறது! துருவங்களில் பூமி லேசாகத் தட்டையாக இருப்பதையும் கணக்கில் எடுத்தால் 960ஐ ஒட்டி வரும்.

விமானத்தில் பறக்கும் நேரக் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. போயிங் 737 மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும், அப்படியானால் 70 நிமிடம் போதும். ஆனால் அட்டவணையில் ஒரு மணி 40 நிமிடம் வாக்கில் இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாமே மெதுவாக நடக்கிற வேலைகள். குறுகிய பயணத்தில் அவற்றின் பங்கு பெரிது. குளிர்காலத்தில் இறக்கைமேல் படிந்த பனியைச் கிளைக்கால் (glycol) என்ற, எளிதில் உறையாத திரவம் கலந்த சூடான கலவையைப் பீய்ச்சிக் கரைத்த பிறகே கிளம்ப முடியும்.

குளிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. விமானி கவனிப்பது, விமானத்தின் வேகம் ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதை. 737க்கு அது 0.78 அளவில் இருக்கும். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகமே குறையும். வெளியே 10 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தால், அதே 0.78இல் பறந்தாலும் மணிக்கு சுமார் 20 கி.மீ. குறைந்துவிடும். எதிர்க்காற்று அடித்தால் அது தனிக் கணக்கு.

அப்புறம் எரிபொருள். வழியில் பேரன்ட்ஸ் கடல்தான். நடுவே பியோர்னோயா என்ற கரடித் தீவில் வானிலை நிலையம் உண்டு, விமான நிலையம் இல்லை. லாங்யர்பியனில் மூடுபனி இறங்கிவிட்டால் வந்த வழியே நார்வே நிலப்பரப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் 960 கி.மீ. பயணத்துக்குக் கிளம்பும் விமானம், திரும்பி வரும் 960க்கும் சேர்த்தே எரிபொருளை நிரப்பிக்கொள்கிறது.