சிக்னல் குறைந்த இடத்தில் ஆன்டெனா வாங்கும் முன்

"குச்சி நிறைய இருக்கிற ஆன்டெனாவே வாங்கிட்டோம், பூஸ்டரும் போட்டாச்சு. அப்படியும் படம் கட்டம் கட்டமா உடையுது." கூரையில் டிவி ஆன்டெனா பொருத்தும் தொழிலில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் வாங்கியது பல நேரம் நல்ல பொருளாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வீட்டுக் கோளாறுக்கு உரிய பொருளாக இருக்காது.

சிக்னல் சரியில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரும் சிக்னலே பலவீனமாக இருப்பது. இன்னொன்று, போதுமான பலத்தோடு வந்தும் அழுக்காக வருவது. மலையிலோ கட்டடங்களிலோ பட்டுத் திரும்பிய அலை, பக்கத்து மொபைல் டவர், மோட்டாரும் சுவிட்சும் கிளப்பும் இரைச்சல் எல்லாம் அதோடு கலந்திருக்கும். முதலாவதற்குச் சரிப்படும் மருந்து இரண்டாவதை மோசமாக்கக்கூடும்.

எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. டிவி அல்லது செட் டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் அளவு, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். இரண்டும் குறைவாக இருந்தால் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளலாம். அளவு நிறைய இருந்து தரம் மட்டும் விழுந்தால் அழுக்கு. அளவு சுமார்தான், ஆனால் தரம் முழுசாக நிற்கிறது என்றால் எதையும் தொடாதீர்கள்.

திரையில் படம் நன்றாகத் தெரிகிறதே என்று மட்டும் நம்பிவிட முடியாது. அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடிக்கொண்டே வரும், பார்த்தாலே நிலைமை புரியும். டிஜிட்டலில், சிக்னலை வாங்கும் பகுதியான ட்யூனர் உள்ளுக்குள் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருத்த முடிகிற வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் உடைந்து, உறைந்து, காணாமல் போய்விடும். எல்லைக்கு ஒட்டி நிற்கும் வீட்டில், மரத்து இலைகள் மழையில் நனைந்தாலே போதும்.

சரி, ஆன்டெனாவுக்கு வருவோம். பலவீனமான சிக்னலுக்கு ஏற்றது நீளமான யாகி, அதாவது ஒரு தண்டில் குச்சிகள் வரிசையாக இருக்கும் ஆன்டெனா. 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் உருவாக்கிய வடிவம்தான் இன்றும் கூரைகளில் நிற்கிறது. அதில் கேபிளோடு இணைந்திருப்பது ஒரே ஓர் உறுப்பு. மற்ற குச்சிகள் அலையை அதை நோக்கித் திருப்பிவிடுகின்றன. அதனால் குச்சி கூடினால் பலன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆன்டெனாவின் நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு, மூன்று டெசிபல்தான் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு). எக்ஸ் வடிவத்தில் உள்ள ஓர் உறுப்பை நான்கு குச்சிகளாக எண்ணி, அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணாகப் போடும் வழக்கமும் உண்டு.

எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த ஆன்டெனா எந்த அலைவரிசையில் நன்றாக வேலை செய்கிறது என்பது. எல்லாச் சேனலையும் பிடிக்கும் அகல அலைவரிசை யாகிகள் பெரும்பாலும் மேல்முனையில் பலமாகவும் கீழ்முனையில் மெலிந்தும் இருக்கும். டிவி ஒளிபரப்புக்குப் பயன்படும் யூஎச்எஃப் அலைவரிசையில் டிவிக்கு இருந்த மேல்பகுதி பல நாடுகளில் மொபைலுக்குப் போய்விட்டது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இப்போது டிவி இல்லை. அப்படியானால் பழைய ஆன்டெனா தன் முழுத் திறமையையும் மொபைல் சிக்னலைப் பிடித்துத் தருவதில் காட்டும்! உங்கள் பகுதி டிவி கோபுரம் எந்தச் சேனல்களில் ஒளிபரப்புகிறது என்று பார்த்து, அந்த எல்லைக்குள் வேலை செய்வதை வாங்குங்கள்.

சிக்னல் அழுக்காக வரும் இடத்தில் நான் முதலில் எடுப்பது லாக் பீரியாடிக். முன்னால் சிறுத்துப் பின்னால் அகன்ற முக்கோண வடிவில் இருக்கும். பலன் யாகியைவிடக் குறைவு. ஆனால் அலைவரிசை முழுக்கச் சீராக இருக்கும், பக்கவாட்டிலும் பின்னாலும் வருவதை அவ்வளவாக உள்ளே விடாது. சின்னதாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். தரப் பட்டை ஏறியதும் சரியாகிவிடுவார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் "டிஜிட்டல் ஆன்டெனா", "4கே ஆன்டெனா" எல்லாம் வெறும் விற்பனைப் பேச்சு. ஆன்டெனாவுக்குத் தெரிந்தது ரேடியோ அலை மட்டும்தான். இத்தனை கிலோமீட்டர் வரை பிடிக்கும் என்ற கணக்கும் அப்படித்தான். நடுவில் ஒரு மலை வந்துவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எதை வாங்கினாலும் இடம் பார்த்துப் பொருத்துவதில்தான் பாதி வெற்றி. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர். நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் கம்பத்தை ஒரு மீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடலாம். ஆன்டெனாவைக் கையில் வைத்துக்கொண்டு கூரையில் நாலு இடத்தில் பாருங்கள், கீழே ஒருவர் தரப் பட்டையைப் பார்த்துச் சொல்லட்டும். மின்கம்பி அருகில் போகும் பக்கத்தை விட்டுவிடுங்கள். உயரம் பொதுவாக நல்லது, எப்போதும் அல்ல. அப்புறம், அக்கம்பக்கத்து ஆன்டெனாக்களில் குச்சிகள் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா என்று கவனியுங்கள். சிறிய துணைக் கோபுரங்கள் பலவும் செங்குத்து அலையை அனுப்புகின்றன. அதற்குப் படுக்கையாக வைத்தால் சிக்னலில் பெரும்பகுதி வீண்.

பூஸ்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை. ஆன்டெனா பிடித்ததைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். 20 மீட்டர் கேபிள் யூஎச்எஃப்பில் ஏறத்தாழ 4 டெசிபலைத் தின்றுவிடுகிறது. சிக்னல் இப்படித் தேய்ந்து கீழே வந்த பிறகு டிவிக்குப் பின்னால் பூஸ்டர் வைத்தால் இழந்தது திரும்பாது. அதன் இடம் கம்பத்தின் உச்சி, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில். வாங்கும்போது பெருக்கத்தைவிட, இரைச்சல் எண் (பூஸ்டர் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வீட்டுக்கு 15 டெசிபல் அளவு பெருக்கம் தாராளம். 30, 40 என்று போனால், அருகில் மொபைல் டவர் இருக்கும் இடத்தில் பூஸ்டரே திணறிப்போகும். அங்கே மொபைல் சிக்னலைத் தடுக்கும் ஃபில்டரை பூஸ்டருக்கு முன்னால் போடவேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை.

கேபிள் 75 ஓம் வகையாக, ஃபாயிலும் செம்பு வலையும் சேர்ந்த இரட்டைக் கவசத்தோடு இருக்கட்டும். மழைநீர் புகுந்து உள்ளே பச்சை பிடித்த இணைப்பு ஒன்றே போதும், புது ஆன்டெனாவையும் பயனற்றதாக்கிவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது வெயில் கனத்த, காற்றசையாத நாளில் திடீரென்று உடைந்தால் ஆன்டெனாவைத் திருப்பாதீர்கள். அத்தகைய வானிலையில் தொலைதூரக் கோபுரத்தின் அலை வளைந்து வந்து அதே சேனலில் மோதுவதுண்டு. ஓரிரு நாளில் தானாக விலகும்.

நல்ல ஆன்டெனாவைக் கம்ப உயரத்தில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தும் ஒரு சேனலிலும் தரப் பட்டை அசையவில்லையா? இன்னும் பெரிய ஆன்டெனா தேடவேண்டாம். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை நிற்கும் வீடுகளில் நான் சாட்டிலைட் டிஷ்தான் போடச் சொல்கிறேன். செயற்கைக்கோள் இருக்கும் திசையில் வானம் மறைப்பில்லாமல் தெரிந்தால் அதற்குப் போதும்.