ஒண்ணும் மாட்டலையா? அப்பவும் சீட்டை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க

போன கோடையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்குப் பகுதியில், மீன்வள ஆராய்ச்சி நடக்கும் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். மீன்களைக் கணக்கெடுப்பதுதான் என் வேலை. தூண்டில் போட வருகிறவர்களிடம் ஒரு சீட்டு கொடுப்போம், எத்தனை மணி நேரம் போட்டார்கள், என்ன பிடித்தார்கள் என்று எழுதித் திருப்பித் தர வேண்டும். சிகாகோவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று படகைக் கரையேற்றிவிட்டுக் காரில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தது. "காலையில கொடுத்த சீட்டைத் திருப்பித் தரலையே அண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே மாட்டலைங்க, என்னத்தை எழுதுறது?" என்றார்.

இந்தப் பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் எஸ்கனாபா என்று ஓர் ஏரி உண்டு, சுமார் 290 ஏக்கர். அங்கே 1946 முதல், தூண்டில் போட வருகிற ஒவ்வொருவரும் இலவச பர்மிட் வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், போகும்போது பிடித்ததைக் காட்டிப் பதிய வேண்டும். மாநில மீன்பிடி லைசென்ஸ் வேறு, இது வேறு. ஆரம்பத்திலேயே அங்கே அளவுக் கட்டுப்பாடு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு, தடைக்காலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தாராளமாகப் பிடிக்க விட்டால் மீன்வளம் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பல பத்தாண்டுகள் அப்படியே விட்டுப் பார்த்த பிறகு, 2003-இல் வால்ஐ (walleye) என்ற மீனுக்கு நேர் எதிரான விதி வந்தது: 28 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது, நாளுக்கு ஒன்றுதான். இரண்டு காலத்தையும் ஒப்பிட முடிகிறது என்றால், அது சாதாரண ஆட்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளால்தான்.

சரி, வெறுங்கைச் சீட்டு எதற்கு? பத்துப் பேர் ஆளுக்கு நாலு மணி நேரம் தூண்டில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குச் சேர்த்து எட்டு மீன், மீதி ஆறு பேருக்கு ஒன்றும் இல்லை. நாற்பது மணி நேரத்துக்கு எட்டு மீன், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு ஒன்று. அந்த ஆறு பேரும் எழுதாமல் போய்விட்டால் என் கணக்கில் பதினாறு மணி நேரம்தான் இருக்கும், இரண்டு மணிக்கு ஒரு மீன் என்று வரும். ஏரியில் மீன் குறைந்துகொண்டே வரும், நாங்களோ செழிப்பாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம்.

இன்னொன்று, மீனின் துடுப்பு. வசந்தத்தில் பனி உருகியதும் வால்ஐ முட்டையிடக் கரையோரம் வரும்போது வலை வைத்துப் பிடித்து, ஒரு துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்து விட்டுவிடுவோம். அப்புறம் உங்கள் தூண்டிலில் வரும் மீன்களில் எத்தனைக்கு அந்த வெட்டு இருக்கிறது என்று பார்த்து, ஏரியில் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவோம். நூறு மீனுக்கு அடையாளம் வைத்து, பிறகு கிடைத்த ஐம்பதில் பத்துக்கு வெட்டு இருந்தால், மொத்தம் ஐந்நூறுக்குப் பக்கம். வெட்டு புதிதாக இருந்தால் கத்தரித்த துணி ஓரம் மாதிரி நேராகத் தெரியும். வளர்ந்துவிட்டிருந்தால் துடுப்பின் கதிர்கள் அந்த இடத்தில் கோணலாக இருக்கும், விரலால் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். இது ஏதோ நோய் என்று பயந்து மீனை மறைத்துக் கொண்டுபோய்விடாதீர்கள், சாப்பிட நல்ல மீன்தான்.

கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. ஒரு ஏரிக்கு வாங்கிய உயிர் இரையை, அதாவது தூண்டிலில் மாட்டும் சின்ன மீன்களை, இன்னொன்றில் கொட்டாதீர்கள். இதே வட்டாரத்து ஸ்பார்க்ளிங் ஏரியில், வெளியிலிருந்து வந்து சேர்ந்த ரெயின்போ ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் பெருகி, அங்கே காலங்காலமாக இருந்த சிஸ்கோ மீனே இல்லாமல் போய்விட்டது.

அந்த அண்ணன் கடைசியில் காரின் மேல் சீட்டை வைத்து எழுதினார்: மூன்று பேர், ஒன்பது மணி நேரம், பூஜ்யம். பக்கத்தில் நின்ற அவர் பையன், எட்டு வயதிருக்கும், சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நான் ஒரு மஞ்சள் பெர்ச் பிடிச்சேன்ல, நீங்கதானே சின்னது விட்டுடுன்னு சொன்னீங்க." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து நீளம் காட்டினான். நான் அளவுகோலை அவன் கை மேல் வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்தை அடித்துவிட்டு, பெர்ச் ஒன்று, சுமார் ஐந்து அங்குலம், திருப்பி விட்டது என்று எழுதிக்கொண்டோம்.