விற்பனை வரி: ஒரு பெயருக்குள் பல வரிகள்

ஒரு பொருள் கைமாறும்போது அதன் விலையில் இத்தனை சதவீதம் என்று அரசு எடுத்துக்கொள்வது விற்பனை வரி. பணம் பொருளை வாங்குபவருடையது, அதை வசூலித்து அரசுக்குக் கட்டுவது விற்பவர் வேலை. இதனால்தான் இதை மறைமுக வரி என்கிறோம். இதுவரை குழப்பம் இல்லை. சேல்ஸ் டாக்ஸ், வாட் (மதிப்புக் கூட்டு வரி), ஜிஎஸ்டி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து மூன்றுக்கும் 'விற்பனை வரி' என்றே எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. செய்திகளில் இது அடிக்கடி நடக்கிறது, படிப்பவருக்குத் தவறான கணக்கு போய்ச் சேர்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். விற்பனைக்கு வேர் 'வில்' என்னும் வினை. விற்றான், விற்கிறான், விலை எல்லாம் அந்தக் குடும்பம். 'வரி'க்குக் கோடு, எழுத்து வரிசை, அரசுக்குக் கட்டும் பணம் என்று பல பொருள் உண்டு. ஆங்கிலத்தின் 'டாக்ஸ்', மதிப்பிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. சரக்கின் மேல் போடும் வரிக்குத் தமிழில் வெகுகாலமாகவே தனிப்பெயர் இருந்தது: உல்கு. அரசனுக்கு உரிய வருவாய்களில் ஒன்றாகத் திருக்குறள் 'உல்கு பொருளை'ச் சொல்கிறது. பின்னால் சுங்கம் என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்தது; முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரே அமைந்தது. ஆனால் உல்கும் சுங்கமும் சரக்கு ஓர் எல்லையையோ துறையையோ கடக்கும்போது வாங்கப்பட்டவை. விற்பனை வரி விற்பனை என்ற செயலின் மேல் விழுகிறது. அதனால் பழஞ்சொல்லைத் தேடிப் போக வேண்டாம், 'விற்பனை வரி' என்பதே பொருத்தமான தமிழ்.

இந்தியாவில் முதல் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியதால் குறைந்த வருவாயை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அப்போது வந்தது பலமுனை வரி, அதாவது பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வரி. பின்னாளில் பல பொருள்களுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் வாங்கும் ஒருமுனை வரி வந்தது. வணிகர்கள் புழங்கிய இந்த இரண்டு சொற்களும் அருமையானவை. உலகத்து விற்பனை வரிகளை எல்லாம் இவற்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். நூல் ஆலை 100-க்கு நூலை விற்கிறது. நெசவாளர் தன் பங்காக 100 சேர்த்துத் தைப்பவரிடம் துணியாக விற்கிறார். தைப்பவர் இன்னொரு 100 சேர்த்துச் சட்டையாக விற்கிறார். வரி 10 சதவீதம். கடைசி விற்பனையில் மட்டும் வரி என்றால் 300-க்கு 30, அவ்வளவுதான். பலமுனை வரியில் நூல் 110 ஆகும். நெசவாளர் 210-க்கு மேல் 21 வரி போடுவார். தைப்பவர் 331-க்கு மேல் 33.10 போடுவார். சட்டை 364.10-க்கு வந்து நிற்கும், அதில் வரி மட்டும் 64.10. வரிக்கு மேல் வரி ஏறிய கதை இது. எத்தனை கை மாறுகிறதோ அத்தனை சுமை. நூலிலிருந்து சட்டை வரை எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய நிறுவனத்துக்கோ ஒரே ஒரு வரிதான். சிறிய நெசவாளருக்கு இது பெரிய அநியாயம்.

இதற்கு விடையாக வந்ததுதான் வாட். பிரான்ஸில் வரித்துறை அதிகாரியான மோரிஸ் லோரே வடிவமைத்து 1954-இல் நடைமுறைக்கு வந்த முறை இது. ஒவ்வொருவரும் வரி கட்டுவார்கள், ஆனால் தாம் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள். நம் சட்டைக் கணக்கில் நூல் ஆலை 10, நெசவாளர் 10, தைப்பவர் 10, மொத்தம் 30. இந்தக் கழிவுக்கு அரசு வைத்த பெயர் 'உள்ளீட்டு வரி வரவு'. வணிகர்கள் 'இன்புட் எடுக்கிறது' என்பார்கள்.

பிரெஞ்சுப் பெயரின் நேர்ப்பொருள், கூடிய மதிப்பின் மேல் விதிக்கும் வரி. தமிழ்நாட்டில் 'மதிப்புக் கூட்டு வரி' என்றார்கள், இலங்கையில் 'பெறுமதி சேர் வரி' என்கிறார்கள். இரண்டுமே நிலைத்துவிட்ட சொற்கள், மாற்றச் சொல்லமாட்டேன். ஆனாலும் 'மதிப்புக் கூட்டு வரி' என்பதை மதிப்பைக் கூட்டுகிற வரி என்றும் படிக்க முடிகிறது. 'கூட்டுமதிப்பு வரி' என்றிருந்தால் வினைத்தொகையாகவே சரியான பொருள் வந்திருக்கும்.

சரி, நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு வேறுபாடு? வரி போடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியக் காரணம். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான விற்பனை வரியே கிடையாது. 45 மாநிலங்கள் தனித்தனியாக விதிக்கின்றன. அலாஸ்கா, டெலவேர், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஆரிகன் ஆகிய ஐந்தும் மாநில அளவில் விதிப்பதில்லை. கலிபோர்னியாவில் அடிப்படை 7.25 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர் அமைப்புகளும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி ஊருக்கு ஊர் விகிதம் மாறுவதால் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் பெரும்பாலும் வரி இருக்காது, பில் போடும்போதுதான் ஏறும். ஐரோப்பாவில் கடை விலையே வரியோடு சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பொது விகிதம் 15 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று மட்டும் விதி வைத்திருக்கிறது. ஹங்கேரி 27 சதவீதம் வாங்குகிறது. கனடாவில் ஆல்பர்ட்டாவில் கூட்டரசின் 5 சதவீதம் மட்டும், ஒன்டாரியோவில் மாகாணப் பங்கும் சேர்ந்து 13.

இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. மாநில வாட், மத்திய கலால் (உற்பத்தியின் மேல் போடும் வரி), சேவை வரி போன்ற பலவற்றை இது விழுங்கியது. பெட்ரோலும் டீசலும் குடிக்கும் மதுவும் வெளியே நிற்கின்றன. பெட்ரோல் விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இங்கே ஜிஎஸ்டியின் தமிழ்ப் பெயர் சரக்கு மற்றும் சேவை வரி. 9 சதவீதம் வாங்கும் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி. 'சரக்கு' வணிகரின் சொல், 'பொருள்' வாங்குபவரின் சொல்; எனக்குச் சிங்கப்பூர்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம், எழுதும்போது அந்தந்த நாட்டு வரிக்கு அதன் பெயரையே கொடுங்கள். அமெரிக்க மாநிலங்களுடையது விற்பனை வரி. ஐரோப்பாவினுடையது மதிப்புக் கூட்டு வரி. ஜப்பான் தன் 10 சதவீத வரியை நுகர்வு வரி என்கிறது. மலேசியாவில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே 2015-இல் வந்த ஜிஎஸ்டியைக் கைவிட்டு 2018 செப்டம்பரில் விற்பனை வரிக்கும் சேவை வரிக்கும் திரும்பிவிட்டார்கள். ஆனால் அந்த விற்பனை வரியைக் கட்டுவது சில்லறைக் கடைக்காரர் அல்ல, உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும்.