கூர்க்காக்கள் யார்? ஒரு பட்டாளம் உருவாக்கிய அடையாளம்

கூர்க்கா என்று தனியாக ஓர் இனம் இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். நேபாளத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் மகர், குருங், ராய், லிம்பு, தமாங், சேத்ரி எல்லாம் இருக்கும், கூர்க்கா இருக்காது.

கூர்க்கா என்ற பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. காத்மாண்டுவுக்கு மேற்கே உள்ள கோர்க்கா என்ற அந்த ஊர், ஒரு சிறிய மலை அரசின் தலைநகரமாக இருந்தது. 1743-ல் அங்கே பட்டத்துக்கு வந்த பிருத்வி நாராயண் ஷா, 1768-69-ல் காத்மாண்டு பள்ளத்தாக்கின் மூன்று அரசுகளையும் பிடித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் மேற்கே சட்லெஜ் ஆறு வரை போனார்கள். 1814-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போர் மூண்டது. போர் முடியும் முன்பே, 1815-ல், எதிரிப் படையிலிருந்தே கம்பெனி ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டது. அந்த முதல் பட்டாளங்களில் இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த குமாவூன், கட்வால் மலைக்காரர்களும் இருந்தார்கள். ஆக, தொடக்கத்திலேயே அது பல இனங்கள் கலந்த படை.

பூர்விகத்தைப் பார்த்தால் கலப்பு இன்னும் ஆழமானது. மகர், குருங், ராய், லிம்பு மொழிகள் திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் குருங் பேசுவது லிம்புவுக்குப் புரியாது. ராய்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. சேத்ரிகளும் தாக்குரிகளும் பேசும் நேபாளியோ இந்தியைப் போல இந்தோ-ஆரிய மொழி. மரபணு ஆய்வுகளிலும் கிழக்காசிய, தெற்காசிய வம்சாவளிகள் இந்தக் குழுக்களிடம் வெவ்வேறு அளவில் கலந்திருப்பது தெரிகிறது.

சரி, இவர்களை ஒன்றாக்கியது எது? பட்டாளம்தான். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, சில இனங்கள் பிறப்பிலேயே போர்க்குணம் கொண்டவை என்ற கொள்கையைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அறிவியல் அடிப்படை துளியும் இல்லாத கொள்கை அது. ஆனால் அதை வைத்துத்தான் ஆள்சேர்ப்புக் கையேடுகள் எழுதப்பட்டன. மகரும் குருங்கும் அசல் கூர்க்கா ஆனார்கள். ராய், லிம்புகளுக்கு 7, 10-ஆம் ரெஜிமெண்டுகள், சேத்ரி, தாக்குரிகளுக்கு 9-ஆம் ரெஜிமெண்ட் என்று பிரித்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக நேபாளி மொழி, தசைன் பண்டிகை, இடுப்பில் குக்ரி என்ற வளைந்த கத்தி. தாய்மொழி எதுவானாலும் சிப்பாய் நேபாளியில்தான் பேசியாக வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது தமாங்குகளின் நிலை. நேபாளத்தின் 1854-ஆம் ஆண்டுச் சட்டம் மகர், குருங்குகளை அடிமையாக்க முடியாத சாதிகளில் வைத்தது. தமாங்குகளை அடிமையாக்கக்கூடியவர்கள் என்றது. அப்போது நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்தார் தமாங்குகளைக் காத்மாண்டுவைச் சுற்றிச் சுமை தூக்க வைத்துக்கொண்டு, பட்டாளத்துக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். அதனால் பலர் குருங் என்று பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். தமாங் என்ற பெயருக்கே அரசு அனுமதி 1932-ல்தான் கிடைத்தது. யார் கூர்க்கா என்பதை ரத்தமா முடிவு செய்தது? ஆள் எடுக்கும் இடத்தில் எழுதப்பட்ட பெயர்தான்.

1947-ல் பத்து ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. டார்ஜிலிங்கில் கூர்க்கா என்ற பெயர் வேறொரு வாழ்க்கை பெற்றது. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த மலைக்குடிகளின் பிள்ளைகள் நேபாளியையே தாய்மொழியாக்கிக்கொண்டு, தங்களை இந்தியக் கோர்க்கா என்றார்கள். 1986-ல் கோர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்டுப் போராட்டம் வெடித்தது. 2003-ல் அங்குள்ள லிம்புகளும் தமாங்குகளும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ராய், குருங், மகர் அமைப்புகள் தங்களையும் சேர்க்கக் கேட்கின்றன. தனி மாநிலம் கேட்கும்போது கோர்க்கா என்று நிற்கும் அதே குடும்பம், இட ஒதுக்கீடு கேட்கும்போது ராய் என்று மனுப் போடுகிறது.